ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டா

கடைக்காரர் தோட்டா நிரப்பும் இரண்டு பிரஸ்களையும் நீண்ட மேசையில் அருகருகே பூட்டி வைத்திருந்தார். ஒன்று சாம்பல் நிறம், மற்றது பச்சை. இரண்டுக்கும் வலப்பக்கத்தில் நீண்ட கைபிடி, நடுவில் ஒரு வட்டத் தட்டு, தட்டின் விளிம்பில் வெற்றுக் கோதுகளை நிறுத்துவதற்கான பள்ளங்கள், மேலே அந்தக் கோதுகளின் வாயை நோக்கி இறங்கும் அச்சுகள். சாம்பலில் நான்கு பள்ளங்கள், பச்சையில் ஐந்து. எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கடைக்காரர் பச்சை பிரஸ்ஸின் கைபிடியைக் கீழே இழுத்து மேலே விட்டார். தட்டு தானாகவே ஒரு பள்ளம் சுழன்று நின்றது. முடிந்த தோட்டா ஒன்று சரிவில் உருண்டு தகரப் பெட்டிக்குள் 'டிங்' என்று விழுந்தது. என் பக்கத்தில் நின்ற ஷெஃப், அறுபதை நெருங்கிய மனிதர், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். எனக்கும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. துப்பாக்கியைத் தொட்டும் பாராத எனக்கு ஏன் அப்படி இருந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

மலைமேல் இருக்கும் கடிகார ஊரான லா ஷோ-து-ஃபோனில் வேலைத்தல மேலாளரை எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஷெஃப் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் ஒரு முழுத் தளத்தைப் பார்த்துக்கொண்டவர். எண்பதுகளின் நடுவில், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் காத்திருந்த காலத்தில், அந்தத் தளத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முடிந்து வரும் கடிகாரங்களைக் கடைசியாகப் பார்த்துப் பிழை பிடிப்பது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளராக இருந்தவனுக்கு ஏற்ற வேலை. ஷெஃப்புக்குப் பிரெஞ்சைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் இத்தனை வருடங்களில் என் நினைவுக்குள் அவர் யாழ்ப்பாணத்தவராகிவிட்டார். அவர் சொன்னவை எல்லாம் என் காதில் எங்கள் பேச்சாகத்தான் கேட்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவர் கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுபவர். ஊர்ச் சுடுகழகத்தின் அணியில் ஐந்து பேருக்குத்தான் இடம், அதில் ஓர் இடம் நீண்ட காலமாக அவருடையது. இந்த நாட்டில் அது நம்மூரில் கரப்பந்தாட்டம் மாதிரி. சனிக்கிழமை மத்தியானம் தபால்காரரும் பாண் பேக்கரிக்காரரும் காதை மூடிக்கொண்டு வரிசையாக நின்று சுடுவார்கள், பிறகு பாலாடைக்கட்டி சாப்பிடுவார்கள். ஷெஃப் கடையில் விற்கும் தோட்டாக்களை நம்பமாட்டார். சுட்ட கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, தம் வீட்டு நிலவறையில் தாமே திரும்ப நிரப்புவார். கோதைப் பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் பருப்பளவான வெடிக்கும் கேப்பைப் பதித்து, மருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தவேண்டும். அவரிடம் இருந்த பழைய பிரஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். ஒரு தோட்டா முடிய நான்கு தடவை கைபிடியை இழுக்கவேண்டும்.

ஒரு குளிர்காலத்தில் அவர் தொழிற்சாலை வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டார். விரல்கள் பழையபடி அசைந்தன, ஆனால் தோளால் எதையும் இழுக்க முடியாது. சரி, இடது கையால் இழுக்கலாம் என்றால், அவர் இடக்கையர். சுடுகிற கை அது. இடது கையால் ஒரு வாரப் பயிற்சிக்கான தோட்டாக்களைச் செய்து முடித்தால் அந்தக் கை நடுங்கும். நடுங்கும் கையால் சுட்டால் குண்டு வட்டத்துக்கு வெளியே போகும். வசந்த காலத்தில் அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த வயதில் ஒருமுறை இடத்தை விட்டுக்கொடுத்தவர் பிறகு அணிக்குள் வருவதில்லை, பார்வையாளர் வாங்குப் பலகைக்குத்தான் போவார். அந்த வாங்கை ஷெஃப் 'சவச்சாலை' என்பார்.

ஆகவே ஓர் இழுப்பில் எல்லா அச்சும் ஒன்றாக இறங்கி, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா விழுகிற புதிய வகை பிரஸ் வேண்டும் என்று முடிவெடுத்தார். அதைத் தெரிவுசெய்ய என்னைக் கூப்பிட்டார்.

"ஷெஃப், எனக்கு உந்த மெசினைப் பற்றி ஒண்டும் தெரியாதே," என்றேன்.

"தெரிஞ்ச ஆக்கள் கழகம் நிறைய இருக்கினம். நீர் எல்லாத்துக்கும் பயப்படுறனீர். எனக்குப் பயப்படுற ஆள்தான் வேணும். புது மெசினைக் கண்டா எனக்குக் கண் தெரியாது."

நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். ஊரில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவள், இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரோ? வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். இஞ்ச வந்து தோட்டா செய்யப் போறியளோ?"

"நான் செய்யேல்லை. பாக்கத்தான் போறன்."

"பாக்கிறதுக்கு அங்க என்ன, படமோ ஓடுது? அகதிக் கேஸ் முடியுமட்டும் பேசாமல் இருங்கோ."

அவள் சொன்னது சரி. மறுநாள் ஷெஃப்பிடம் கேஸைக் காரணம் சொல்லி, நான் வரவில்லை என்றேன். அவர் என்னைத் தோளில் பிடித்து நேரே அணித்தலைவரிடம் கூட்டிக்கொண்டு போனார். கழகத்தின் அணித்தலைவர் ஊரின் பொலிஸ்காரர். சீருடையில் இருந்தார்.

"உவர் துப்பாக்கி வாங்கப் போறாரோ?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"இல்லை," என்றார் ஷெஃப்.

"சுடப் போறாரோ?"

"இல்லை."

"அப்ப கடைக்கு என்னத்துக்கு வாறார்?"

"பயப்பட."

பொலிஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படுறதுக்கு இந்த நாட்டில அனுமதி எடுக்கத் தேவையில்லை. போயிட்டு வாங்கோ."

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம். வெள்ளோட்டத்தில் கடைக்காரர் உண்மையான மருந்தும் கேப்பும் பாவிக்கவில்லை. மருந்துக்குப் பதிலாகக் கசகசா விதையைப் பிரஸ்ஸின் மேலிருந்த குடுவையில் நிரப்பியிருந்தார். முதலில் பச்சையின் முன்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து, இடது கையால் கைபிடியைப் பிடித்தார் ஷெஃப். தட்டு தானாகச் சுழல, குடுவை தானாக அளந்து போட, கோதையும் குண்டையும் வைத்துவிட்டு இழுத்தால் போதும். இழுப்பு, டிங். இழுப்பு, டிங். அவருடைய கண் தட்டில் இல்லை. தோட்டா விழும் தகரப் பெட்டியில் இருந்தது. குழந்தை உண்டியலில் காசு போடுவது மாதிரி முகம். கடைக்காரர் கைகட்டி நின்று, பாதி விற்றுவிட்டவர் மாதிரிச் சிரித்தார்.

பெட்டியில் விழுந்தவற்றை எடுத்து ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கிப் பார்த்தேன். கசகசா உள்ளே சலசலத்தது. அடுத்ததும் சலசலத்தது. கடைசி மூன்றிலும் சத்தமில்லை. அண்ணாந்து பார்த்தேன். குடுவையில் விதை முடிந்துபோயிருந்தது.

"ஷெஃப், இது மூண்டும் வெறுங்கோது."

அவர் கையை நிறுத்தினார். கடைக்காரர் இருமினார். மருந்தில்லாத தோட்டா வெடிக்காமல் கிடந்தால் பரவாயில்லை, கேப்பின் உந்தலில் குண்டு பாதிக் குழாயில் போய் இறுகிவிட, அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே பிளக்கும் என்று ஷெஃப்பே காரில் வரும்போது எனக்குச் சொல்லியிருந்தார். சொன்னவர் அவர், அன்று இரவு நித்திரை கெட்டவன் நான்.

பிறகு சாம்பலில் உட்கார்ந்தார். அதில் எல்லாம் இருந்தது, ஒன்று மட்டும் இல்லை. தட்டு தானாகச் சுழலாது. ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் விரலால் தள்ளி ஒரு பள்ளம் சுழற்றவேண்டும். விரல் தட்டுக்குப் போகும்போது கண்ணும் கூடப் போயிற்று. கண் போனால் கோதின் வாய்க்குள் விதை இருக்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியாது. இந்த முறை குடுவை முடிந்ததும் அவரே நிறுத்தினார்.

"இதை எடுங்கோ," என்றேன்.

ஷெஃப்புக்கு முகம் சுருங்கியது. "ஆயுள் முழுக்கத் தானா ஓடுற சாமான் செய்தவன் நான். என்னைக் கொண்டு விரலாலை சுத்தச் சொல்லுறீரோ? ஊர் சிரிக்கும்."

"தானா ஓடுற மணிக்கூட்டையும் கடைசியில ஒரு ஆள் கண்ணால பாக்கவேணும் எண்டுதானே எனக்குச் சம்பளம் தாறியள்?"

ஷெஃப் மேசையில் அடித்துச் சிரித்தார். சாம்பலைக் கட்டித் தரச் சொன்னார். ஆனாலும் பச்சையை விட்டுப் போகும்போது அதன் கைபிடியை ஒருமுறை தடவிவிட்டுத்தான் வந்தார். காரில் எனக்குப் புதிய பயம் பிடித்துக்கொண்டது. விரலால் சுழற்ற மறந்து மறுபடி இழுத்தால் ஒரே கோதுக்குள் இரண்டு தடவை மருந்து விழுமே! அதைச் சொன்னதும் காரைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போய், இரண்டு தடவை விழுந்தால் கோது நிரம்பி வழிந்து காட்டிக்கொடுக்கும் வகை மருந்தை வாங்கிக்கொண்டார். "பார்த்தீரோ, உம்மைக் கூட்டி வந்த பெற்றோல் காசு வீண் போகேல்லை," என்றார்.

அடுத்த சனிக்கிழமை நிலவறையில் பிரஸ்ஸைப் பூட்டினோம். ஒரு பக்கம் உருளைக்கிழங்குப் பெட்டிகள், மறுபக்கம் வைன் போத்தல்கள். மேசையின் மூலையில் பூட்டி, கதிரையைப் பக்கவாட்டில் போட்டதும் கைபிடி அவருடைய இடது கைக்கு வந்தது. ஷெஃப்பின் மனைவி, நாங்கள் மடாம் என்று கூப்பிடுபவர், படியில் நின்று சட்டம் போட்டார். "இஞ்ச ஒண்டு வெடிச்சாலும் ரெண்டு பேரும் போய் மாடுகளோட படுங்கோ." அந்த நேரத்தில் என் மனைவி வந்தாள். என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தாள் என்று நினைத்தேன். அவள் பிரஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு தடவை கைபிடியை இழுத்துக் காட்டச் சொன்னாள். எல்லா அச்சும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறியதும் அவளுடைய கண்ணில் பழைய ஆய்வுகூட வெளிச்சம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கையில் சந்தனம், குங்குமம், ஒரு தேசிக்காய்.

"புது மெசின். பொட்டு வைக்காமல் தொடக்கூடாது," என்றாள்.

ஷெஃப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவள் பிரஸ்ஸின் நெற்றியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, தேசிக்காயை வெட்டி இரண்டு பக்கமும் வைத்தாள். மடாம் அந்த எலுமிச்சைப் பாதியைக் காட்டி, குனிந்து என்னிடம் இரகசியமாக, "மீனுக்கோ?" என்று கேட்டார்.

முதல் உண்மைத் தோட்டா விழுந்தபோது நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் 'ஆ' என்றோம். ஓர் இழுப்பு, ஒரு தோட்டா. அன்று மாலைக்குள் அவர் பழைய பிரஸ்ஸில் ஒரு வாரம் செய்வதைச் செய்து முடித்து, இடது கையை நீட்டிக் காட்டினார். நடுக்கமே இல்லை.

அதற்கு அடுத்த பயிற்சியில்தான் அது நடந்தது. நான் தூரத்தில் காரில் இருந்தேன், பிறகு ஷெஃப் சொல்லித்தான் தெரியும். ஷெஃப் குறிபார்த்து விசையை அழுத்தினார். 'கிளிக்' என்றது. வெடிக்கவில்லை. முப்பது தோட்டாவில் நான்கு அப்படி. பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அணித்தலைவர் வந்து, நண்பர்தான், ஆனாலும் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த சனி ஆள் எடுக்கிற நாள். அண்டைக்கு ஒரு கிளிக் கேட்டாலும் உம்மட இடத்துக்கு வேற ஆளைப் போடுவன். அணியின்ர புள்ளியை வைச்சு என்னால விளையாட ஏலாது." பிறகு, ஷெஃப் ஏற்கெனவே சொல்லியிருந்த பொட்டுக் கதையை வைத்துச் சூழலை இலேசாக்க நினைத்தாரோ என்னவோ, "அந்த மஞ்சள் பொட்டைத் துடைச்சுப் பாரும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஷெஃப் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் மெல்லக் கேட்டார்: "அந்தச் சந்தனத்துக்குள்ள தண்ணி இருக்கோ?"

அதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"என்ர சந்தனத்தையோ சொன்னவர்?" மனைவி அப்போதே குளிர்கோட்டை மாட்டினாள். "வாங்கோ போவம்."

நிலவறைக்கு இறங்கியதும் அவள் கதிரையைக் காட்டினாள். "முதலில இருந்து செய்து காட்டச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்." நான் பிரெஞ்சில் சொன்னேன். ஷெஃப் கண்டிப்பான வாத்தியாரின் வகுப்பில் மாட்டிக்கொண்டவர் போல உட்கார்ந்தார். கையைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்துக்கு எண்ணெய் விடும் மெல்லிய ஊசியை எடுத்து, சின்னக் குப்பியில் தொட்டு, பிரஸ்ஸின் ஒவ்வோர் அசையும் இடத்திலும் ஒரு பொட்டு வைத்தார். கைபிடியின் மூட்டு, தட்டின் அச்சாணி, கடைசியில் கேப்புகளைக் குழாயிலிருந்து கோதின் அடிக்குக் கொண்டு வரும் சின்னச் சறுக்கி. அதை நான் எத்தனையோ தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஊசிகளும் எங்கள் குப்பிகளும் நிறைந்த அந்த ஊரில் அது ஒரு செயலாகவே கண்ணில் படாது. உலர்ந்த மூட்டை விட்டுவிட்டு எழும்புகிற ஆளை எங்கள் தளத்தில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.

"அதில என்ன விடுறார்?" என்று மனைவி கேட்டாள்.

"எண்ணெய்."

"கேப் போற இடத்திலயோ?"

"ஓம்."

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "எண்ணெய்க் கையால நெருப்புப்பெட்டியைத் தொட்டா குச்சி பத்துமோ எண்டு கேளுங்கோ. விளக்குக் கொளுத்திற ஒவ்வொரு வீட்டிலயும் தெரியும். வெடிக்கிற சாமானுக்கு எண்ணெய் ஊறினா அது செத்துப்போகும். பழி என்ர பொட்டுக்கு."

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். 'நெருப்புக்குச்சி' என்றதுமே ஷெஃப் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். முகம் காதுவரை சிவந்தது. மடாம் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "முப்பது வருசமா என்ர கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடச் சொல்லுறன். அதுக்கு விடமாட்டார்!"

அந்த வாரம் முழுவதும் வேலை. சறுக்கியைக் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவி உலர்த்தினோம். குழாயிலிருந்த கேப்புகளையும் செய்து வைத்திருந்த தோட்டாக்களையும் ஒதுக்கினோம். புதிதாக அவர் செய்த ஒவ்வொன்றையும் நான் விளக்குக்குக் கீழே பிடித்து, கடிகாரம் பார்க்கும் கண்ணாடியால் அடியைப் பார்த்தேன். கொஞ்சம் மினுங்கினாலும் ஒதுக்கினேன். "அது பித்தளை மினுக்கம், எண்ணெய் இல்லை," என்று ஷெஃப் கெஞ்சுவார். "இருக்கட்டும், ஒதுக்குங்கோ," என்பேன். அவர் வாயால் திட்டினாலும் கையால் ஒதுக்கினார். சந்தனப் பொட்டை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

சில மாதங்களுக்கு முன் அந்தக் கடை இருந்த தெருவால் நடந்தேன். இப்போது அங்கே கைத்தொலைபேசி விற்கிறார்கள். வீட்டுக்கு வந்து கணினியில் தேடியபோது இன்றைய பிரஸ் ஒன்று ஓடுவதைக் காட்டினார்கள். மின்மோட்டார் பூட்டியது. இழுக்கவே வேண்டாம். தோட்டாக்கள் மழைபோல் கொட்டுகின்றன, பக்கத்தில் நின்றவர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். தட்டைப் பார்க்க ஆளில்லை. மருந்தின் அளவைக் கண்காணிக்க ஒரு மின்கண் இருக்கிறதாம். அந்த மின்கண்ணை யார் பார்ப்பது என்று யோசித்தபடி கணினியை மூடினேன். அன்று இரவு நித்திரை வரவில்லை. ஆனால் அந்தத் தட்டு சுழன்ற அழகை நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஷெஃப் இருந்திருந்தால் கதவைத் தட்டி, "கோட்டைப் போடும், போய் வாங்குவம்," என்றிருப்பார். அவர் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அன்றைய அவருடைய வயதை நான் தாண்டியே இருபது வருடங்கள் ஆகின்றன.

அந்த வருடம் ஆள் எடுக்கும் சனிக்கிழமை வெயிலாக இருந்தது, நிழலில் மட்டும் பனி மிச்சமிருந்தது. மனைவியும் வந்தாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் வெடிச்சத்தத்துக்கு இவ்வளவு கிட்ட வந்ததில்லை. நானும் முன்பு பயிற்சிக்குப் போனால் தூரத்தில் காரில்தான் இருப்பேன். பட்டாசு வெடித்தாலும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் ஆட்கள் நாங்கள். மடாம் எங்களுக்குக் காது மூடிகளைக் கொடுத்தார். ஷெஃப் இடது கையை நீட்டினார். கால்களைச் சற்று அகட்டினார். முதலாவது வெடித்தது. மனைவி என் கையைப் பிடித்தாள். இரண்டாவது, மூன்றாவது. நான் காது மூடியைச் சற்று விலக்கிவிட்டேன், 'கிளிக்' கேட்கிறதா என்று. பத்தைத் தாண்டியபோது ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. வாழ்க்கையில் முதல்தடவையாக நான் வெடிக்கப்போகிறதே என்று பயப்படவில்லை. வெடிக்காமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் இடையில் இருந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. மனைவியும் தமிழில் வாய்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று இருவரும் சேர்ந்து சத்தம் போட்டதில் அடுத்த வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். முப்பதாவது வெடிச்சத்தம் மலையில் மோதி எதிரொலித்தபோது அவள் என் கையை விட்டுவிட்டுக் கைதட்டினாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் தட்டுவதுபோல, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி.

அணித்தலைவர் இலக்கு அட்டைகளைப் பார்த்தார். ஷெஃப் ஐந்தாவது. கடைசி இடம், ஆனால் இடம். தலைவர் பெயரை எழுதிவிட்டுப் பேனையை நிறுத்தினார்.

"இந்த வருசம் மட்டும்தானே?"

ஷெஃப் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். பிறகு தலைவரை விட்டு என்னைப் பார்த்தார்.

"அதை உவரிட்டைக் கேளும். சனிக்கிழமையளில நிலவறைக்கு வந்து பயப்பட உவருக்கு இன்னும் எத்தினை வருசம் ஏலும்?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கைதட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை.

"கன வருசம்," என்றேன்.